திருச்சியில் ஒளிந்து வாழ்வது எப்படி?

திருச்சியில் ஒளிந்துகொள்ள முதன்முதலில் முயன்றவர் பிள்ளையார். இலங்கைக்குப் போகிற வழியில் விபீஷணன் காவிரிக்கரையில் இறங்கினார். கையிலிருந்த ரங்கநாதரை ஒரு சின்னப் பையனிடம் கொடுத்து, "கீழ வெச்சுடாதப்பா, குளிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பையன் வைத்துவிட்டான். ரங்கநாதர் அங்கேயே சுகமாகப் படுத்துவிட்டார். விபீஷணன் துரத்த, பையன் ஓட, ஊரிலேயே உயரமான இடமாகப் பார்த்து மலைக்கோட்டை உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டான். என்ன பிரயோஜனம்? விபீஷணன் நேராக மேலே ஏறிப்போய்த் தலையில் ஒரு குட்டு வைத்தார். அந்த வடு இன்னும் இருக்கிறது என்று உச்சிப்பிள்ளையாரைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

விபீஷணன் வெளியூர்க்காரர். அவராலேயே ஒரு கடவுளைக் கையும் களவுமாகப் பிடிக்க முடிந்த ஊர் இது. நீங்களும் நானும் எம்மாத்திரம்?

ஆனாலும் ஆசை விடுவதில்லை. யார் கண்ணிலும் படாமல், யாரும் 'என்ன, எங்க இந்தப் பக்கம்?' என்று கேட்காமல் வாழ்ந்துவிட வேண்டும் என்று பதினோரு வருஷமாக முயன்று, தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்கிறேன். ஜெயித்தவன் சொல்வதைவிடத் தோற்றவன் சொல்வதில் விவரம் கூடுதலாக இருக்கும் என்ற நம்பிக்கையில், புதிதாகக் குடிவருகிறவர்களுக்காக இந்த வழிகாட்டி.

கிராமத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது. அங்கே ஒளிய முடியாது என்பது பிறக்கும்போதே தெரியும், யாரும் முயல்வதில்லை. சென்னையிலும் பிரச்சினை இல்லை. அங்கே ஆறு வருஷம் குடியிருந்தேன். எதிர்வீட்டுக்காரரை அவர் கேட் பூட்டுகிற சத்தத்தை வைத்துத்தான் எனக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது திருச்சி. 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சி எல்லைக்குள் 8.47 லட்சம் பேர். இத்தனை பேர் நடுவில் நம்மை யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றும். அந்த எண்ணிக்கைதான் ஆளை ஏமாற்றுகிறது. எட்டரை லட்சம் பேரும் சாமான் வாங்கப் போகிற கடைவீதி ஒன்றுதான். 1994-இல் நகராட்சிப் பலகையைக் கழற்றிவிட்டு மாநகராட்சிப் பலகையை மாட்டினார்கள். பலகைக்குக் கீழே நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தவில்லை.

வீடு பார்க்கும்போது

முதல் கண்டம் இதுதான். உறையூரில் ஒரு வீடு பார்க்கப் போனேன். வீட்டுக்காரர் ஈஸிசேரில் சாய்ந்தபடி, பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"தம்பிக்குச் சொந்த ஊரு?"

"லால்குடி பக்கம்ங்க."

"பக்கம்னா?"

"பூவாளூர்."

"பூவாளூர்ல எங்க?"

"கடைவீதிகிட்ட."

"கடைவீதியில அரிசி மண்டி வெச்சிருந்தாரே, சிவப்பா, உசரமா, ஒரு காது கொஞ்சம் மந்தம்…"

"எங்க பெரியப்பாங்க."

"அப்படிச் சொல்லுங்க. உக்காருங்க தம்பி. ஏம்மா, காபி போடு."

அட்வான்ஸில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி ஏழு மணிக்குப் பெரியப்பாவிடமிருந்து போன். "உறையூர்ல வீடு பாக்கறியாமே? மாடி வேண்டாம்டா. தண்ணி ஏறாது."

இதிலிருந்து நான் கற்றது: திருச்சியில் யாரும் மூன்றாவது கேள்வியைத் தாண்டித் தப்பித்ததில்லை. ஆகவே முதல் கேள்வியிலேயே ஏதாவது தூரத்து ஊரைச் சொல்லிவிடுவது நல்லது. அடுத்த வீட்டில் நான் நாகர்கோவில் என்றேன். அந்த வீட்டு மருமகள் நாகர்கோவில். சமையலறையிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு இஷ்டமில்லை.

ஊர்க்காரன் மாதிரிப் பேசுவது

ஒளிய வேண்டுமென்றால் முதலில் வெளியூர்க்காரன் என்று தெரியக்கூடாது. வெளியூர்க்காரன் என்று தெரிந்தால் உதவி செய்ய வந்துவிடுவார்கள். உதவியோடு விசாரணையும் வரும். 'திருச்சிராப்பள்ளி' என்று முழுசாகச் சொல்கிறவர் கலெக்டர் ஆபீஸ்காரர் அல்லது ரயில் அறிவிப்புப் பெண்மணி. மெயின்கார்டுகேட் என்றால் கார்டும் இல்லை, கதவும் இல்லை. பழைய கோட்டைக்கு மிச்சமிருக்கிற ஒரே வாசல் அது. வளைவுக்கு அடியில் எந்நேரமும் வண்டி போய்க்கொண்டிருக்கும். நம்பர் ஒன் டோல்கேட்டில் டோல் எங்கே கட்டுவது என்று சில்லறையைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு யாரையும் கேட்காதீர்கள். அது ஊரின் பெயர். டி.வி.எஸ். டோல்கேட்டும் அப்படியே. பால்பண்ணைக்கு யாரும் பால் வாங்கப் போவதில்லை. பஸ் மாறப் போகிறார்கள். 'ஜங்ஷன்' என்றால் ரயில். 'சத்திரம்' என்றால் பஸ். இரண்டாவதைச் சொன்னதும் எந்தச் சத்திரம் என்று கேட்டவரை நான் பார்த்திருக்கிறேன். டீக்கடையில் நாலு பேர் கூடி அவருக்கு வழி சொன்னார்கள். அவர் எதற்கு வந்திருக்கிறார், பெண் பார்க்கவா, பத்திரம் பதியவா என்பது அஞ்சாவது நிமிஷம் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

2025-இல் வெளியூர் பஸ்களில் பெரும்பாலானவற்றைப் பஞ்சப்பூர் புது நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அன்றிலிருந்து கொஞ்ச நாள் ஊரே சமமாகிவிட்டது. உள்ளூர்க்காரனும் வழி கேட்டான், வெளியூர்க்காரனும் கேட்டான். யார் யாரென்று தெரியவில்லை. ஒளிந்து வாழ விரும்புகிறவர்களுக்குப் பொற்காலம். எல்லாரும் பழகிக்கொண்டுவிட்டார்கள், போயிற்று.

வண்டி

திருச்சி மேற்கு என்றால் டி.என். 45, ஸ்ரீரங்கம் 48, கிழக்கு 81. இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது என்கிறீர்களா? நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். ஊரே இதைத் தெரிந்து வைத்திருக்கிறது. கே.கே. நகரில் 48 வண்டி நின்றால், "ஸ்ரீரங்கத்துல இருந்து யாரு வந்திருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு நடப்பார்கள். வண்டியில் பிள்ளை பேரை ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். குலசாமி படமும் வேண்டாம். குலசாமியை வைத்து ஊரை, ஊரை வைத்துத் தெருவை, தெருவை வைத்துப் பெரியப்பாவைப் பிடித்துவிடுவார்கள்.

ஹெல்மெட் போட்டால் தெரியாது என்று நினைத்தேன். சின்னக் கடைவீதியில் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்: "என்ன, அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு?" எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "நிக்கிற நிலை அப்படியே உங்கப்பா" என்றார்.

பத்து நிமிஷம்

சென்னையில் இருந்தவரை என்னைக் காப்பாற்றியது தூரம். கல்யாணமா? "தாம்பரத்துல இருந்து வரணும், டிராஃபிக்…" போதும். காது குத்தா? மழை. யாரும் வருத்தப்பட மாட்டார்கள். இங்கே எந்த இடத்திலிருந்தும் எந்த இடத்துக்கும் பத்து நிமிஷம். தில்லைநகரிலிருந்து பாலக்கரை பத்து நிமிஷம். புத்தூரிலிருந்து ஜங்ஷன் பத்து நிமிஷம். சாயங்காலம் பாலத்தில் நெரிசல் என்றால் இருபது. அதற்கே ஊர்க்காரர்கள் ஒரு வாரம் புலம்புவார்கள். 'வர முடியல' என்று சொல்ல இந்த ஊரில் ஒருவருக்கும் அருகதை கிடையாது. விளைவு: எல்லாக் கல்யாணத்துக்கும் போக வேண்டும். எல்லாச் சாவுக்கும் போக வேண்டும். போன மாசி மாதம் நான் சாப்பிட்ட வடை பாயசத்தைக் கணக்கெடுத்தால் டாக்டர் கோபித்துக்கொள்வார்.

இது உள்ளூர்ப் படை மட்டும். இன்னொரு படை ரயிலில் வரும். தமிழ்நாட்டின் நட்ட நடுவில் இருப்பதாகப் பெருமை பேசுகிறோமே, அதற்கு உண்டான தண்டனை அது. சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிறவர்கள், ராமேஸ்வரம் போகிறவர்கள், அநேகமாக எல்லாரும் நம் வீட்டைத் தாண்டித்தான் போயாக வேண்டும். விழுப்புரத்தில் வண்டி நிற்கும்போது போன் வரும். "திருச்சியில கொஞ்ச நேரம் நிக்கும். சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான். ஒண்ணும் எடுத்துட்டு வரவேணாம். நாலு இட்லி, கொஞ்சம் மொளகாப்பொடி போதும். அஞ்சு பேர் இருக்கோம்." அதாவது இருபது இட்லி. வீட்டில் மாவு இல்லையென்று சொல்லிப் பாருங்கள். "திருச்சியிலதானே இருக்கீங்க" என்பார்கள், ஊருக்கு நடுவில் மாவாறு ஓடுகிற மாதிரி.

1980-களில் எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது தலைநகரையே திருச்சிக்கு மாற்றலாம் என்று ஒரு யோசனை சொன்னார். நாலாப்பக்கமும் எதிர்ப்பு வந்து அது அப்படியே நின்றுபோனது. நிறைவேறியிருந்தால் இன்று ஐம்பது லட்சம் பேர், மெட்ரோ ரயில், மூச்சுமுட்டும் நெரிசல் எல்லாம் இருந்திருக்கும். யாரும் என்னிடம் இட்லி கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கோப்பு எங்கே கிடக்கிறதோ, அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

ஒரே ஒரு தடவை சாமி கண் திறந்தது. 1976-இல் கட்டிய காவிரிப் பாலத்தைப் பழுதுபார்ப்பதற்காக 2022 கடைசியில் சில மாதங்கள் மூடினார்கள். சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் போக வேண்டுமானால் பைபாஸைப் பிடித்துச் சுற்ற வேண்டும். ஊர் முழுக்கத் திட்டித் தீர்த்தது. எனக்கோ ஸ்ரீரங்கத்தில் மூன்று அத்தைகள். மூன்று பேரிடமும் அந்தச் சில மாதமும் ஒரே வசனம்தான்: "வரணும்னுதான் அத்தை… பாலம்…" சென்னையில் ஆறு வருஷம் அனுபவித்த சுதந்திரத்தை அந்தச் சில மாதத்தில் திருச்சியிலேயே அனுபவித்தேன். 2023-இல் பாலம் திறந்த அன்று சாயங்காலமே பெரிய அத்தை ஆட்டோ வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் சீடை.

உடம்பு சரியில்லை என்று சொல்வோர் கவனத்துக்கு

இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். நான் பட்ட அவமானத்தில் பிறந்த பாடம்.

ஒரு செவ்வாய்க்கிழமை. ஆபீசுக்குப் போன் செய்து, தொண்டையைக் கொஞ்சம் கட்டிக்கொண்டு, காய்ச்சல் என்றேன். மேனேஜர் நல்ல மனிதர். "ரெஸ்ட் எடுங்க" என்றார். பத்து மணிக்குத் திருவானைக்காவலில் இருந்தேன். அங்கே நெய் ரோஸ்ட்டுக்குப் பேர்போன ஒரு பழைய ஓட்டல் உண்டு. சுருட்டி, குழலாக, இலையைவிட நீளமாக வரும். நெய் வாசனை தெருமுனைக்கே வந்து கையைப் பிடித்து இழுக்கும். வார நாளில், அதுவும் பத்து மணிக்கு, கூட்டம் இராது என்பது என் கணக்கு.

கணக்கு சரிதான். கூட்டமில்லை. என்னைத் தவிர இன்னும் ஒரே ஒரு மேஜையில்தான் ஆள். ஜம்புகேஸ்வரரைத் தரிசனம் பண்ணிவிட்டு, நெற்றியில் திருநீறோடு, வயதான அம்மா ஒருவர் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். எங்கேயோ பார்த்த முகம். அவரும் என்னைப் பார்த்தார். சிரித்தார். நானும் சிரித்தேன். ரோஸ்ட்டின் ஒரு முனையை ஒடித்து வாயில் வைத்தபோதுதான் ஞாபகம் வந்தது: மேனேஜர் வீட்டு கிருகப்பிரவேசத்தில் குத்துவிளக்கேற்றியவர். மாமியார்.

ஒரு வார்த்தை பேசவில்லை அந்த அம்மா. காபியை முடித்து, பையை எடுத்துக்கொண்டு, போகும்போது என் மேஜையருகே ஒரு கணம் நின்று, "சூடா இருக்கறச்சயே சாப்டுடுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஆபீசில் மேனேஜர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "காய்ச்சலுக்கு நெய் நல்லதாமே?"

அதனால் சொல்கிறேன். திருச்சியில் லீவு போட்டால் உண்மையிலேயே காய்ச்சல் வரவழைத்துக்கொள்ளுங்கள். அதுதான் மலிவு.

மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை

சித்திரை கடைசியில் அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டால் நாற்பது டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். மலைக்கோட்டைப் பாறை காலையிலிருந்து வாங்கி வைத்த சூட்டை ராத்திரிவரை சில்லறை சில்லறையாகத் திருப்பிக் கொடுக்கும். பகலில் தெருவில் நாய்கூட நடக்காது. ரகசியக் காரியங்களுக்கு இதுதான் நேரம் என்று தோன்றும். தோன்றட்டும். அந்த வெயிலில் தெருவில் இரண்டே பேர்தான் இருப்பார்கள்: நீங்கள், அப்புறம் உங்களை யார் பார்க்கவே கூடாதோ அவர். கூட்டமாவது இருந்தால் தூண் மறைவு, ஆள் மறைவு என்று ஏதாவது கிடைக்கும்.

கூட்டத்தை நம்பலாமா என்றால் அதுவும் இல்லை. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் லட்சக்கணக்கில் ஜனம். விடியற்காலை இருட்டு, பனி, தலைக்கு மஃப்ளர். பெரிய அத்தையிடம் 'கூட்டத்துக்குப் பயந்து வரலை' என்று சொல்லிவிட்டு நண்பர்களோடு போனேன். ஆறரை மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து சித்தி போன்: "டிவியில பாத்தேன்டா. பரமபத வாசல் பக்கத்துல. மஃப்ளர் உனக்கு நல்லாவே இல்ல."

ஜோடியாகப் போவோருக்கு

மலைக்கோட்டை வேண்டாம். மேலே ஏறினால் காவிரி, தென்னந்தோப்பு, அந்தப் பக்கம் 236 அடி ராஜகோபுரம், எல்லாம் தெரியும். உங்களுக்கு ஊர் தெரிகிறதென்றால் ஊருக்கு நீங்கள் தெரிவீர்கள். பிள்ளையார் கற்ற பாடத்தை மறுபடி படிக்க வேண்டாம்.

எல்லாரும் போவது முக்கொம்பு. காவிரி அங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று காவிரியாகவே வர, இன்னொன்று கொள்ளிடம் என்று பேரை மாற்றிக்கொண்டு வடக்கே நழுவப் பார்க்கிறது. ஸ்ரீரங்கத்தைச் சுற்றிவிட்டு, கல்லணைகிட்டே வந்ததும் இரண்டும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. ஆறே தப்பிக்க முடியாத ஊர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போயிருந்தேன். ஷட்டர் பக்கமாகத் தனியே நடந்தபோது, எங்கள் மாடிவீட்டுப் பெண், கல்லூரியில் படிப்பவள், ஒரு பையனோடு பொரித்த மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள். வாயில் வைத்த மீன் அப்படியே நின்றது. எனக்கும் இருபது வயசு இருந்ததுதானே. சட்டென்று அணைப்பக்கம் திரும்பி, ஷட்டர்களை எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு என்று விரலை நீட்டி, உரக்க. 2018-இல் வெள்ளம் சில ஷட்டர்களை அடித்துக்கொண்டு போனபோதுகூட பொதுப்பணித்துறையில் யாரும் இவ்வளவு சிரத்தையாக எண்ணியிருக்க மாட்டார்கள். நாற்பது வரை வந்து திரும்பிப் பார்த்தபோது பெஞ்சு காலி.

மறுநாள் மாடிப்படியில் நின்றிருந்தாள். "அங்கிள், நேத்து…"

"நேத்து நான் ஊர்லயே இல்லம்மா."

அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபோது, இந்த ஊரில் ஒளிந்து வாழ இது ஒன்றுதான் வழியோ என்று ஒரு கணம் தோன்றியது: பார்த்தவர்கள் பார்க்காத மாதிரி இருந்துவிடுவது. அந்த மாமியாரம்மாவுக்கு இது தெரியாமல் போயிற்றே. நாலு நாள் அந்தப் பெருமையிலேயே திரிந்தேன். அஞ்சாம் நாள் அந்தப் பெண்ணின் அப்பா மாடியிலிருந்து இறங்கி வந்தார். "சார், முக்கொம்புல ஷட்டரை விரல்விட்டு எண்ணிட்டிருந்தீங்களாமே? எங்க ஆபீஸ்ல ஒருத்தர் பாத்தாராம். உடம்பு கிடம்பு நல்லா இருக்குல்ல?"

நல்லா இருக்கு என்றேன். வேறென்ன சொல்ல?

வெளிநாட்டுக்கு ஓடுவது

உள்ளூரில் முடியாவிட்டால் விமானம் இருக்கிறதே என்பீர்கள். விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, பத்து நிமிஷம். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் எல்லாம் நேராகப் போகலாம். 2024 ஜனவரியில் புது முனையத்தையும் திறந்துவிட்டார்கள். ஆனால் ஏறுகிற விமானத்தில் பாதிப்பேர் நம் பக்கத்து ஆட்கள். சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டிருந்த என் தம்பியை ஒருவர் தோளைத் தட்டி, "நீங்க ஜமால் காலேஜ்தானே?" என்று கேட்டிருக்கிறார். தம்பி படித்தது பிஷப் ஹீபர். அந்த வித்தியாசத்தை விளக்கப்போய் வீட்டு விலாசம்வரை சொல்லிவிட்டு வந்தான்.

திருச்சி ஆள்தான் என்றில்லை, திருச்சிச் சுருட்டாலேயே ஒளிய முடிந்ததில்லை. ஒரு காலத்தில் இந்த ஊர்ச் சுருட்டு இங்கிலாந்துவரை போய்க்கொண்டிருந்தது. 1887-இல் வெளிவந்த ஆர்தர் கோனன் டாயிலின் முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், லண்டனில் ஒரு காலி வீட்டில் கொலை. கொலைகாரன் பெயர் தெரியாது, முகம் தெரியாது. தரையில் கிடந்த சாம்பலைப் பொறுக்கிப் பார்த்துவிட்டு ஹோம்ஸ் சொல்கிறார், ஆசாமி பிடித்தது டிரிச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று. கடல் கடந்து, எரிந்து, சாம்பலாகியும் ஊர் பேரைச் சொல்லிக்கொண்டு கிடந்திருக்கிறது.

இஸ்திரி

கடைசியாக ஒன்று. இந்த ஊரில் நிஜமாகவே ஒளிந்து காட்டிய ஒருவர் உண்டு. ஸ்ரீரங்கத்து உற்சவர். 1323-இல் டெல்லிப் படை வந்தபோது அவரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். மலையாள தேசம், மேல்கோட்டை, திருமலை என்று சுற்றி, 1371-இல் ஊர் திரும்பினார். நாற்பத்தெட்டு வருஷம். கவனியுங்கள், அவரும் ஊருக்குள் ஒளியவில்லை. ஊரைவிட்டுப் போய்த்தான் ஒளிந்தார்.

திரும்பி வந்தபோது சிக்கல். அதற்குள் அவர் இடத்தில் வேறொரு திருமேனியை வைத்துப் பூஜை நடந்துகொண்டிருந்தது. பழைய ஆட்கள் யாரும் மிச்சமில்லை. இவர்களில் யார் அசல்? கோயில் வரலாறு சொல்கிற கதை இது: கண்பார்வை போன ஒரு கிழவர் இருந்தார். அந்தக் காலத்தில் பெருமாளின் துணிகளை வெளுத்தவர். ஈரங்கொல்லி என்று பேர். இருவருக்கும் திருமஞ்சனம் செய்து, அந்த வஸ்திரத்தைப் பிழிந்த தீர்த்தத்தை அவரிடம் கொடுத்தார்கள். ஒன்றை வாயில் விட்டுக்கொண்டதும், "இவரே நம்பெருமாள்" என்று கத்திவிட்டார். அந்தப் பேரே இன்றுவரை நின்றுவிட்டது.

இந்தக் கதையைச் சின்ன வயசிலிருந்து கேட்டிருந்தும் நான் எச்சரிக்கையாக இருக்கவில்லை.

போன தை மாதம், உறையூரில் எல்லாருக்கும் என்னைத் தெரிந்துபோய்விட்டது என்பதற்காகவே, ஊரின் மறுகோடியில் கே.கே. நகருக்குக் குடிமாறினேன். யாரிடமும் சொல்லவில்லை. முதல் வாரம் வெளியே தலைகாட்டவில்லை. காய்கறி தள்ளுவண்டிக்காரரிடம்கூடப் பேரம் பேசவில்லை. பேசினால் குரல் ஞாபகம் இருந்துவிடும். எட்டாம் நாள் சட்டை தீர்ந்துவிட்டது. தெருமுனையில் வேப்பமரத்தடியில் ஒரு இஸ்திரி வண்டி. அஞ்சு சட்டையையும் ஒரு வேட்டியையும் கொண்டுபோய் வைத்தேன். அவர் பெயர் கேட்கவில்லை. வீட்டு நம்பர் கேட்கவில்லை. கரியை ஊதிக்கொண்டே, "சாயங்காலம் வாங்கிக்கங்க" என்றார். இப்படி ஒரு மனிதரா என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டு வந்தேன்.

ஆறு மணிக்கு அவரே வாசலில் நின்றார். சூடு ஆறாத மூட்டை கையில்.

"வீடு எப்படித் தெரிஞ்சுது?"

"புதுசா டூலெட் போர்டைக் கழட்டினது இது ஒண்ணுதானே சார்." வேட்டியின் ஓரத்தைப் பிரித்து, நீல மையில் போட்டிருந்த ஒரு சின்னக் குறியைக் காட்டினார். மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு. இத்தனை வருஷம் நான் கவனித்ததே இல்லை. "இது உறையூர்ல எங்க மச்சான் போடற மார்க்கு. போன் பண்ணிக் கேட்டேன். ரொம்ப நாளா உங்களைக் காணோமேன்னு அவரும் விசாரிச்சாரு."

"எவ்வளவு?"

"அஞ்சு சட்டை அம்பது, வேட்டி பதினஞ்சு, அறுபத்தஞ்சு சார்." கொஞ்சம் தயங்கினார். "மச்சான்கிட்ட பழைய பாக்கி ஒரு இருவது ரூவா இருக்காம். அதையும் சேத்து வாங்கிக்கச் சொன்னாரு."